கடாரத்து உலையும் கைக்கத்தி உருக்கும்

மரம் செதுக்கும் கைக்கு முதலில் வேண்டுவது நல்ல கத்தி. நல்ல கத்திக்கு முதலில் வேண்டுவது தக்க இரும்பு. பிடியின் அழகையும் மடிப்பின் நேர்த்தியையும் கண்டு கத்தி வாங்குவோர் பலர். அது எந்த இரும்பால் ஆயது என்று கேட்டு வாங்குவோர் சிலரே. ஆயினும் கத்தியின் தகுதி விளிம்பில் இருக்கின்றது. விளிம்பின் தகுதி இரும்பில் இருக்கின்றது.

கெடாத் தோட்டத் தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் கத்தியின் அருமையை நன்கு அறிந்திருந்தனர். கத்தி மழுங்கினால் பட்டை கிழியும், மரம் புண்படும், பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். ஆனால் அவர்கள் நடந்த அதே மண்ணுக்கடியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரும்புலைகள் கிட்டமும் சாம்பலுமாக உறங்கிக் கிடந்தன என்பதை அவர்கள் அறிந்திலர். அவர்களுக்கு வேலை கொடுத்தவர்களும் அறிந்திலர். அந்த உலைகளையும், தமிழகத்து மூசைகளையும், தோட்டக்காரன் கைக்கத்தியையும் ஒரு தொடராக வைத்துப் பார்ப்பது பயனுடையது. எந்த வேலைக்கு எந்த இரும்பு என்னும் பழைய கேள்வி அத்தொடரின் நூலாகும்.

கடினமும் ஒடியாமையும்

இரும்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு பொருள் அன்று. பல பொருள்களின் குடும்பம். அவற்றை வேறுபடுத்துவது அவற்றில் கலந்திருக்கும் கரிச்சத்தின் அளவே. நூற்றில் கால் பங்கு கூட இல்லாத இரும்பு மென்மையானது. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கரி ஏறினால் அது வார்ப்பிரும்பு. சம்மட்டி பட்டால் அது உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே உருக்கு. தோய்ச்சல் ஏற்றுக் கடினமாவதும், பதம் பெற்று ஒடியாமல் நிற்பதும் உருக்கின் சிறப்பு.

கடினமும் ஒடியாமையும் ஒன்றுக்கொன்று எதிர்நிற்பவை. ஒன்றை ஏற்றினால் மற்றொன்று இறங்கும். ஆகவே கத்திக்கு உருக்குத் தேர்வது என்பது, அந்தக் கத்தி என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரிந்து, இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்துவதாகும். புதர் வெட்டும் பாராங்குக் கத்தி ஓங்கி விழுவது, அதிர்ச்சி தாங்கவேண்டும். அதற்கு நூற்றில் 0.6 பங்கு கரியுள்ள வில்லுருக்குப் போதும். பழைய லாரியின் வில்தகட்டை மலாய்க் கொல்லர் பாராங்குக்கு விரும்பி எடுப்பது இதனாலேயே. மரம் செதுக்கும் கத்தியோ ஓங்கி விழுவதில்லை. பெருவிரலின் தள்ளலில் மெல்ல ஊர்ந்து செல்வது. அதற்கு அதிர்ச்சி குறைவு. கூர்மை மிகுதியாக வேண்டும். விளிம்பின் இரு பக்கமும் சேரும் கோணம் 20 பாகை அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். அத்தனை மெல்லிய விளிம்பு மடங்காமல் நிற்க, நூற்றில் ஒரு பங்கு அளவு கரியுள்ள உருக்கு வேண்டும். தேய்ந்த அரத்தை எறியாமல் செதுக்குக் கத்தியாக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அரத்தின் உருக்கில் கரி 1 முதல் 1.2 பங்கு வரை இருப்பதே அதன் காரணம்.

தோய்ச்சலுக்குப்பின் பதம் வருகின்றது. தோய்த்த உருக்கு கண்ணாடி போன்றது. கீழே விழுந்தால் உடையும். அதை மீண்டும் மெல்லக் காய்ச்சினால் அதன் பளபளப்பான முகத்தில் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோலின் மஞ்சள், பின் பழுப்பு, பின் ஊதா, இறுதியில் நீலம். வைக்கோல் மஞ்சள் தோன்றும் 220, 230 பாகை வெப்பத்தில் நிறுத்தினால் பேனாக்கத்திக்கு உரிய பதம். நீலம் தோன்றும் 300 பாகை வரை விட்டால் வில்லுக்கு உரிய பதம். வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லன் கண்ணே வெப்பமானியாக இருந்தது.

கொங்கின் மூசைகள்

இந்தக் கலையில் தமிழகம் பின்தங்கி இருக்கவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடல், கொல்லனின் கடமை வேல் செய்து தருவது என்று வைக்கின்றது. கல்வி, வளர்ப்பு, ஆட்சி முதலிய கடமைகளின் வரிசையில் உலைக்களத்தையும் ஒன்றாக வைத்த சமுதாயம் அது. எஃகு என்னும் சொல் சங்கப் பாடல்களில் கூரிய படைக்கலத்தைக் குறித்து வழங்குகின்றது.

இலக்கியம் சொல்வதை மண்ணும் சொல்கின்றது. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்வு தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகளும், மூசை வைத்துக் காய்ச்சிய உலையின் தடயங்களும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பர். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகள் குவியலாகக் கிடந்தன. அவற்றை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், கரி மிகுந்த உருக்கு அங்கே ஆக்கப்பட்டது என்பதை 1990களில் எடுத்துக் காட்டினார்.

மூசை உருக்கின் முறை பின்வருமாறு. முதலில் சிற்றுலையில் தாதுவைக் கரியோடு காய்ச்சி மென்மையான இரும்பை எடுப்பர். அதைத் துண்டாக்கி, உமி கலந்த களிமண்ணால் செய்த சிறு மூசையில் இடுவர். அதனுடன் ஆவாரை மரத்தின் உலர்ந்த சிறு துண்டுகளையும், எருக்கு முதலியவற்றின் பச்சிலைகளையும் வைப்பர். வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். பல மூசைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தியால் ஊதிக் காய்ச்சும்போது, மரமும் இலையும் கரியாகி இரும்பினுள் புகும். கரி புகப்புக இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். ஆகவே அது நீர்போல் உருகும். கசடு மேலே மிதக்கும். ஆறியபின் மூசையை உடைத்தால் சிறு கட்டியாக உருக்குக் கிடைக்கும். அதில் கரி நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்குக்கு மேலும் இருக்கும். அரத்தின் கரியை இதனோடு ஒப்பிட்டால், இது கூர்முனைக்கென்றே பிறந்த உருக்கு என்பது விளங்கும்.

இந்த முறை தமிழகத்துக்கு மட்டும் உரியது என்று சொல்வதற்கில்லை. கன்னட நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் அது செழித்தது. இலங்கையில் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு மலைச்சரிவில் இயங்கிய உலைகளை கில் ஜூலெஃப் அகழ்ந்து 1996இல் வெளியிட்டார். தென்னாடு முழுவதும் இரும்பில் தேர்ந்த ஒரு பெருவட்டமாக இருந்தது எனல் பொருந்தும்.

இலண்டனில் ஒரு பேனாக்கத்தி

மேனாட்டார் இந்த உருக்கை ஊட்சு என்றனர். கன்னடத்து உக்கு என்னும் சொல்லின் திரிபு அது என்பர். தமிழ் உருக்கு அதற்கு இனமான சொல். 1794இல் பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் அதன் கட்டிகளை இலண்டன் இராயல் சங்கத்தின் தலைவர் சோசப் பாங்க்சுக்கு அனுப்பினார். மறு ஆண்டு சார்ச் பியர்சன் என்னும் அறிஞர் அதைச் சோதித்துச் சங்கத்தில் கட்டுரை படித்தார்.

அந்தச் சோதனையில் ஒரு சிறு செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பியர்சனின் வேண்டுகோளின்படி, சேம்சு ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அந்த உருக்கிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்தார். அதன் விளிம்பு ஐரோப்பாவின் சிறந்த உருக்குக் கத்திக்கு இணையாக வெட்டியது. இறகுப்பேனா சீவும் கத்தி என்பது, மெல்லிய விளிம்பு கொண்ட செதுக்குக் கத்தியே. தென்னாட்டு வகை உருக்கு மடக்குக்கத்திக்கு ஏற்றதா என்னும் கேள்வியை, அன்றே ஒரு வினைஞர் தம் பட்டடையில் வைத்து விடை கண்டார்.

அவர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. ஐரோப்பியக் கொல்லர் வழக்கப்படி வெண்சூட்டில் வைத்து அடித்தால் இந்த உருக்கு பொடிந்து போகும். கரி மிகுந்ததால் அதன் உருகுநிலை தாழ்வு; வெண்சூட்டில் அதன் உட்பகுதியில் சில இடங்கள் உருகத் தொடங்கிவிடும். ஸ்டோடார்ட் அதை இருளில் மட்டும் தெரியும் மங்கிய செஞ்சூட்டில் வைத்து அடித்தார். உருக்கைப் பழிக்குமுன் சூட்டை அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் பெற்ற பாடம்.

ஸ்டோடார்ட் பின்னர் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து உருக்கோடு பிற உலோகங்களைக் கலந்து ஆராய்ந்தார். 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் அவ்வாய்வுகள் வெளிவந்தன. தென்னாட்டு மூசையின் மறைபொருளைத் தேடிச் சென்ற ஆய்வு, கலப்பு உருக்கு என்னும் புதிய துறையின் வாயிலைத் திறந்தது.

தமிழகத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் நடந்தது. சோசையா ஹீத் என்பவர் கும்பினியின் உத்தியோகத்தை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அந்த ஆலை நிலைக்கவில்லை. பின் அவர் செஃபீல்டு சென்று, மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். செஃபீல்டு அம்முறையால் செல்வம் கொழித்தது. ஹீத் வழக்குகளில் சிக்கி வறுமையில் இறந்தார். தென்னாட்டு உருக்கை மிக விரும்பிய அவர், எகிப்தியர் தம் கல்தூண்களில் எழுத்துச் செதுக்கியது இந்திய உருக்குக் கருவிகளால்தான் என்றும் கருதினார். அதற்குச் சான்று இல்லை. அன்பு மிகும்போது சான்றை மறப்பது அறிஞர்க்கும் நேரும் பிழை.

சுங்கை பத்துவின் உலைகள்

அந்தப் பிழையைக் கெடாவிலும் செய்யலாகாது. கடாரம் என்றவுடன் தமிழ் மாணவன் நினைவுக்கு வருவது 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு. பட்டினப்பாலையில் புகார்த் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகின்றார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எழுப்பியவர் கடாரத்தரசர். இவை அனைத்தும் பாடநூலில் உள்ளன. ஆனால் கடாரத்தில் உழைத்தவர் யார், அவர் என்ன செய்தனர் என்பதைப் பாடநூல் நெடுங்காலம் சொல்லவில்லை.

அதற்கு விடை ஜெராய் மலையின் அடிவாரத்தில் கிடைத்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, வங்கக் கடலைக் கடந்துவந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம். அதன் தெற்கே மெர்போக் ஆற்று முகம். சேம்சு லோ 1840களில் அங்கே பழங்கட்டடங்களைக் கண்டு எழுதினார். குவாரிச் வேல்சு 1936-37இல் அகழ்ந்தார். புக்கிட் பத்து பகாட் கோயிலை அலஸ்டர் லாம்ப் 1959-60இல் எடுத்துக் கட்டினார். இவர்கள் அனைவரும் பெரும்பாலும் கோயில்களையே தேடினர், கோயில்களையே கண்டனர்.

2009இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், மொக்தார் சாய்டின் தலைமையில் சுங்கை பத்துவில் அகழத் தொடங்கியபோது காட்சி மாறியது. பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் வழியில், தோட்ட நிலத்துக்குள், இரும்பு உருக்கிய களங்கள் வெளிப்பட்டன. தாது, கிட்டம், உலையின் எச்சம், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் ஊதுகுழாய்கள் ஆகியவை பெருந்தொகையாகக் கிடைத்தன. பழைய ஆற்றங்கரையில் செங்கல் துறைமேடைகளும் இருந்தன. உருக்கிய இரும்பு அங்கேயே கப்பலேறியது என்பது தெளிவாயிற்று. இக்களங்களுக்குச் சொல்லப்படும் மிகப் பழைய காலக்கணிப்புகள் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் கி. பி. முதல் ஆயிரத்தின் முற்பகுதியிலேயே அங்கே உலை எரிந்தது என்பதும், சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது அது என்பதும் போதுமானவை.

இங்கே ஒன்றை நன்கு பிரித்தறிய வேண்டும். சுங்கை பத்துவின் உலை மூசை உலை அன்று. தாதுவை உருகவிடாமல் கரியோடு காய்ச்சி, கிட்டம் வழிந்தபின் எஞ்சும் பஞ்சு போன்ற இரும்புக் கட்டியை எடுக்கும் உலை அது. அதை மீண்டும் மீண்டும் அடித்துத் தூய்மை செய்தால் மென்மையான இரும்பு கிடைக்கும்; இடையிடையே கரியேறிய பகுதிகளும் கிடைக்கும். கொங்கின் மூசைக்காரன் செய்தது அடுத்த படி. ஆகவே கடாரத்துக்கு இரும்புக் கலையைத் தமிழரே கொண்டுவந்தனர் என்றோ, கடாரத்து உலையில் ஊட்சு உருக்கு ஆக்கினர் என்றோ எழுதுவது சான்றுக்கு மிஞ்சியதாகும். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களின் வகை கூறும் நூலில் கலஈ வாள் என்று ஒன்றைக் குறிக்கின்றார். அப்பெயரைக் கடாரத்தோடு இணைப்போரும் உளர், மறுப்போரும் உளர்.

சான்றுக்குள் நின்றாலும் கடாரத்தின் பெருமை குறையவில்லை, கூடுகின்றது. படையெடுப்பு ஒரு பருவத்தில் முடிந்துவிட்டது. உலையோ தலைமுறைகள் எரிந்தது. ஒரு நாட்டின் வரலாற்றில் எது பெரிது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பால்மரத்தின் கத்தி

அந்த மண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கத்தி வந்தது. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். கொத்திய இடம் ஆறாப் புண்ணாகி மரம் கெட்டது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, முதல் வெட்டின் விளிம்பையே மறுபடியும் மெல்லச் சீவினால் பால் தொடர்ந்து வரும் என்று காட்டினார். அந்த நாள் முதல் கோடரியின் வேலை கத்தியின் வேலையாயிற்று, கொத்துவது சீவுவதாயிற்று. கெடா 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் மேலாண்மைக்கு மாறியபின், தோட்டங்கள் பெருகின. அந்தக் கத்தியைப் பிடிக்கத் தமிழகத்திலிருந்து ஆள் வந்தது.

மரம் சீவுதல் உண்மையில் ஒரு செதுக்குக் கலை. ஒரு தடவையில் சீவும் பட்டையின் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். பால்குழல்கள் பட்டையின் உட்புறத்தில் மிகுந்திருக்கும். ஆகவே ஆழம் வேண்டும். ஆனால் மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தி நின்றுவிட வேண்டும். அதைத் தொட்டால் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து 30 பாகைச் சரிவில் ஓட வேண்டும். பால்குழல்களின் சாய்வு அதை வேண்டுகின்றது. விடியுமுன் தொடங்கி ஒருவர் ஏறத்தாழ 400 முதல் 500 மரம் வரை இவ்வாறு சீவினார். மங்குகளில் பால் நிறைந்தது.

மலாயாவில் பெரிதும் வழங்கிய ஜெபோங் கத்தி, மடித்த முனையுடையது; தன்பக்கம் இழுத்துச் சீவுவது. அதற்கு எந்த உருக்கு ஏற்றது? பட்டை மென்மையானது. ஆனால் அதில் மண்ணும் தூசும் ஒட்டியிருக்கும். மிகக் கடினமான விளிம்பு அத்தூசில் பட்டுச் சில்லாகும். தோட்டத்தில் நின்றபடி சிறு தீட்டுக்கல்லால் அதைச் சரிசெய்ய இயலாது. மிக மென்மையான விளிம்பு நூறு மரத்துக்குள் மழுங்கும். ஆகவே நடுத்தரக் கரியும் நல்ல பதமும் கொண்ட உருக்கே தக்கது. தீட்டுக்கல் இரண்டு இழுப்பில் கூர் தரும் இரும்பே நல்ல இரும்பு என்பது தொழிலாளி கண்ட இலக்கணம். புத்தகத்தில் இல்லாத அந்த இலக்கணம் ஆய்வுக்கூடத்தின் முடிவோடு முரண்படவில்லை.

துருவேறா இரும்பு

1913இல் செஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழலுக்கு உருக்குத் தேடும்போது, நூற்றில் ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கு துருவேறாமல் நிற்பதைக் கண்டார். கெடா போன்ற ஈரநாட்டில் இது பெரும்பேறு. சாதாரண உருக்குக் கத்தியை ஓரிரவு நனைந்தபடி விட்டால் காலையில் செம்புள்ளி தோன்றும்.

ஆனால் எல்லா நன்மைக்கும் விலை உண்டு. கரியும் குரோமியமும் மிகுந்த துருவேறா உருக்குச் சிலவற்றில், அவ்விரண்டும் கூடிக் கடினமான பருமணிகள் உண்டாகின்றன. சமையற்கத்தியின் தடித்த விளிம்பில் அவை தேய்மானத்தைத் தடுக்கும். செதுக்குக் கத்தியின் மெல்லிய விளிம்பிலோ, அம்மணிகள் பெயர்ந்து விழுந்தால் பல் பல்லாக இடைவெளி தோன்றும். மரத்தில் வெட்டு பளபளப்பாக வராமல் கீறல் விழும். தீட்டுவதும் கடினம். ஆகவே மடக்குக்கத்தி கொண்டு மரம் செதுக்கப் பழகுவோர்க்கு, நூற்றில் ஒரு பங்கு கரியுள்ள எளிய உருக்கே முதல் தேர்வு. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் அதற்குத் தேவை. அப்பழக்கம் இல்லாதவர்க்கு, குரோமியம் அளவாகக் கலந்த நுண்மணித் துருவேறா உருக்கு இரண்டாம் தேர்வு.

பழகுவதற்கு மரமும் கெடாவிலேயே உண்டு. 25, 30 ஆண்டு பால் தந்து ஓய்ந்த பால்மரம் முன்பு விறகாகவே போயிற்று. 1980கள் முதல் அது மேசை நாற்காலிக்கு மதிப்புள்ள மரமாயிற்று. வெளிர்நிறமும் சீரான இழையும் உடைய அம்மரம் தொடக்கக்காரன் கத்திக்கு இணங்கும். பூச்சியும் பூசணமும் அதை எளிதில் பற்றும். ஆகவே பதனிட்டு உலர்த்திய மரமே கொள்ளத்தக்கது. செங்ஙால் போன்ற வன்மரத்துக்கு உளியும் கொட்டாப்புளியும் வேண்டும். கைக்கத்தி அங்கே பணிய நேரும்.

காக்க வேண்டியது

2013ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் இடப்பட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. நாடு முழுவதும் வருத்தம் எழுந்தது. கோயில் என்று தெரிந்த கட்டடத்துக்கே அந்தக் கதி நேர்ந்தது. கருங்கட்டியாகக் கிடக்கும் கிட்டத்தையும் உடைந்த களிமண் குழாயையும் காப்பவர் யார்? கோயிலைக் கண்டு கைகூப்புவோர் உண்டு. கிட்டத்தைக் கண்டு குனிந்து எடுத்துப் பார்ப்போர் வேண்டும்.

அது பள்ளியில்தான் பிறக்கும். மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், சிலைகளின் முன் நின்று திரும்பிவிடாமல், சுங்கை பத்துவின் ஊதுகுழாயையும் காட்ட வேண்டும். வீட்டில் பாட்டனின் பால்வெட்டுக் கத்தி இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். தீட்டித் தீட்டி அதன் உடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மாணவர் விரலால் அளந்து பார்க்கட்டும். கடாரத்து உலை தமிழனுடையதா பிறனுடையதா என்னும் வழக்கு அதன்பின் சிறுத்துப் போகும். பெயர் தெரியாத ஒருவன் அங்கே இரும்பு எடுத்தான். பெயர் தெரிந்த ஒரு பாட்டன் அங்கே இரும்பு பிடித்து உழைத்தான். இருவருக்கும் உரிய வரலாற்றை எழுதும் கடமை கற்றவரைச் சேர்ந்தது. இடித்தபின் எழுதப்படும் வரலாறு இரங்கற்பாவாகவே முடியும்.